1% காச்சாவும் வெறுங்கையோடு திரும்பும் 37 பேரும்

காச்சா என்றால் கேமுக்குள் பணமோ கேம் பணமோ கொடுத்து, எது வரும் என்று தெரியாமல் பொருளைக் குலுக்கி எடுப்பது. எந்தப் பொருள்கள் என்ன வாய்ப்பில் வரும் என்று காட்டி, குறிப்பிட்ட காலம் ஓடும் குலுக்கலுக்குப் பேனர் என்று பெயர். அந்தப் பேனரில் அரிய பொருளுக்கு 1% என்று போட்டிருந்தால், நூறு தடவை குலுக்கினால் ஒன்றாவது வந்துவிடும் என்றுதான் பெரும்பாலானவர்கள் மனக்கணக்குப் போடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. ஒரு குலுக்கலில் கிடைக்காமல் போக 0.99 வாய்ப்பு. அதை நூறு தடவை பெருக்கிப் பாருங்கள், 0.366 வரும். ஆளுக்கு நூறு குலுக்கல் என்று நூறு பேர் போட்டால் ஏறத்தாழ 37 பேருக்கு ஒன்றுமே கிடைக்காது. பாதிப் பேருக்கு 69 குலுக்கலுக்குள் கிடைத்துவிடும். பத்தில் ஒன்பது பேருக்குக் கிடைக்க 230 ஆகும், நூறில் 99 பேருக்கு 459 ஆகும். அந்தக் கடைசி ஒருவருக்கு எத்தனை ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இலவசமாக ஆடக் கிடைக்கும் சேகரிப்பு கேம்களில் நியாயம் என்ற பேச்சு எழுந்தாலே விவாதம் 'எத்தனை சதவீதம்' என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சதவீதம் முக்கியம்தான், ஆனால் அதை வைத்து ஒரு கேமை எடைபோட முடியாது. ராசியே இல்லாத பிளேயருக்கு அதிகபட்சம் என்ன செலவாகும், அந்தத் தொகை முதல் குலுக்கலுக்கு முன்பே அவருக்குத் தெரியுமா? நான் முதலில் கேட்பது இந்த இரண்டு கேள்விகளைத்தான்.

உச்சவரம்பு என்ற ஏற்பாடு இந்தத் துறையில் பரவலானதற்கு ஒரு காரணம் உண்டு. ஜப்பானில் 2016 தொடக்கத்தில் கிரான்ப்ளூ ஃபேன்டஸி கேமில் ஆஞ்சிரா என்ற கதாபாத்திரத்துக்காகப் பிளேயர்கள் கொட்டிய பணம் பெரிய சர்ச்சையானது. அதே ஆண்டில் அதைத் தயாரிக்கும் சைகேம்ஸ் 300 குலுக்கலை உச்சவரம்பாக வைத்தது. 300 முடிந்தால் பேனரில் உள்ளவற்றில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். பிளேயர்கள் 'ஸ்பார்க்' என்று சொல்வது இதைத்தான். 'பிட்டி' என்பது வேறு: கிடைக்காமல் போன குலுக்கல்களை கேம் எண்ணிக்கொண்டே வந்து, குறிப்பிட்ட எண்ணிக்கை வந்ததும் தானாகவே உயர்தரப் பொருள் ஒன்றைக் கொடுத்துவிடும்.

உச்சவரம்பு வைத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைக்கும் டெவலப்பர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விகிதம் 1.5%, உச்சவரம்பு 60 என்று வைத்துக்கொள்வோம். சராசரியைக் கண்டுபிடிக்க எளிய சூத்திரம் உண்டு: (1 − (1−p)^N) ÷ p. இதில் p விகிதம், N உச்சவரம்பு. விடை 39.7 குலுக்கல். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 59 குலுக்கல் வரை ஒன்றும் கிடைக்காமல் 60-ஆவதுக்குப் போகிறவர்கள் 41%. ஐந்தில் இரண்டு பேருக்கு உங்கள் கேம் குலுக்கல் விளையாட்டே இல்லை. 60 தவணை கட்டி வாங்கிய பொருள், அவ்வளவுதான்.

இதற்காகத்தான் 'சாஃப்ட் பிட்டி' வந்தது. அதே 1.5%-ஐ 40 குலுக்கல் வரை வைத்துக்கொண்டு, 41-ஆவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி கூட்டுங்கள்: 6.5%, 11.5%, 16.5% என்று ஏறும். 60-ஆவதில் அது நூறைத் தாண்டிவிடுவதால் உச்சவரம்பு தானாகவே 60 ஆகிறது. இப்போது சராசரி 33-க்கு இறங்குகிறது. 50 குலுக்கலுக்குப் பிறகும் காத்திருப்பவர் நூறில் ஒன்றரைப் பேர் கூட இல்லை. உச்சவரம்பு அதே 60-தான், ஆனால் அதன் வாசல் வரை போகிறவர்கள் ஏறக்குறைய இல்லாமல் போகிறார்கள். சராசரி 33 என்பது விற்பனையைக் குறைக்குமே என்று கவலைப்பட்டால் தொடக்க விகிதத்தையோ ஏற்றம் தொடங்கும் இடத்தையோ மாற்றிப் பாருங்கள். வளைவின் வடிவத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வெளியே அறிவித்த எண்களை வைத்தே ஒரு கேமின் உள்ளே இப்படி வளைவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். 2020 செப்டம்பரில் வெளியான கென்ஷின் இம்பாக்ட்டின் கதாபாத்திரப் பேனரில் 5 நட்சத்திரத்துக்கு (மிக உயர்ந்த தரம்) அடிப்படை விகிதம் 0.6%, பிட்டி 90, எல்லாம் சேர்த்து மொத்த விகிதம் 1.6% என்று போட்டிருந்தார்கள். 0.6%-ஐயும் 90-ஐயும் மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால் சராசரி 69.7 வரும், அதாவது மொத்த விகிதம் 1.43%. அறிவித்த 1.6%-க்குச் சராசரி 62.5. இந்த இரண்டுக்கும் இடையே ஏழு குலுக்கல் வித்தியாசம். 90-க்கு முன்பே எங்கோ விகிதம் ஏறினால்தான் இந்த இடைவெளி அடைபடும். பிளேயர்கள் ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திரட்டி, ஏற்றம் 74 வாக்கில் தொடங்குகிறது என்று கணித்தது இதோடு பொருந்துகிறது. அந்த வளைவை கம்பெனியே விதிப் பக்கத்தில் போட்டிருக்கலாம். பிளேயர்கள் எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா இது?

அதே பேனரில் இன்னொரு படியும் உண்டு. வெளியான காலத்து விதிப்படி, வந்த 5 நட்சத்திரம் நீங்கள் விரும்பிய கதாபாத்திரமாக இருக்கப் பாதி வாய்ப்பு. இல்லாவிட்டால் அடுத்தது உறுதி. ஆகவே விரும்பியது கிடைக்கச் சராசரி 62.5 × 1.5, சுமார் 94. மோசமான நிலையில் 180. 'பிட்டி 90' என்பதை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியவருக்கு உண்மையான உச்சவரம்பு அதைப்போல் இரண்டு மடங்கு. எந்தப் பேனரைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய எண் இந்த உண்மையான உச்சவரம்புதான். கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: பேனர் முடிந்ததும் எண்ணிக்கை அடுத்ததற்குத் தொடருமா, அழிந்துவிடுமா? அழிந்துவிடும் என்றால், 60 உச்சவரம்பில் 45-இல் நிற்பவருக்குக் கடைசி நாள் அவசரத்தில் இன்னும் 15 வாங்கத் தோன்றும். அந்த அவசரத்தை நம்பித்தான் பலர் அப்படி வைக்கிறார்கள்.

ஒற்றைப் பொருள் கதை இது. முழு செட் சேர்க்க வேண்டும் என்றால் கணக்கு இன்னும் கொடுமை. சம வாய்ப்புள்ள 10 வகை அட்டைகள், எல்லாம் வேண்டும். சராசரியாக 29.3 குலுக்கல் ஆகும். அதில் கடைசி ஓர் அட்டைக்கு மட்டுமே 10, கடைசி இரண்டுக்கும் சேர்த்து 15. பாதிச் செலவு கடைசி இரண்டு அட்டைகளுக்கு! நூறில் ஒருவருக்கு 66 குலுக்கலைத் தாண்டியும் செட் முடியாது. ஜப்பானில் 'கம்ப்ளீட் காச்சா' என்ற முறை இதன்மேல்தான் நின்றது: குறிப்பிட்ட செட்டை முடித்தால் அரிய பரிசு. அந்நாட்டு நுகர்வோர் விவகார முகமை 2012 மே மாதம் இது சட்டவிரோதப் பரிசு முறை என்று அறிவித்தது. முதல் ஏழெட்டு அட்டைகள் மளமளவென்று வருவதால், முக்கால்வாசி தூரம் வந்துவிட்டோம் என்று பிளேயர் நினைக்கிறார். செலவில் அப்போதுதான் பாதியை நெருங்கியிருக்கிறார்.

இதற்கு மருந்து டூப்ளிகேட் மாற்றம். அதே 10 அட்டைகளில், ஐந்து டூப்ளிகேட் கொடுத்தால் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கலாம் என்று ஒரே ஒரு விதி சேருங்கள். 18 குலுக்கலில் 8 வகை கையில் இருந்தால் மீதி 10 டூப்ளிகேட், அவற்றுக்கு இரண்டு அட்டை, செட் முடிந்தது. மிக மோசமான நிலை என்றால் ஒரே அட்டை திரும்பத் திரும்ப வருவது. அப்போதும் 1 + 9×5, 46 குலுக்கலில் முடிந்துவிடும். எல்லையில்லாத ஒன்றுக்கு எல்லை வந்துவிட்டது. மாற்று விகிதம்தான் இங்கே திருகு. ஐந்துக்குப் பதிலாக ஐம்பது என்று வைத்தால் விதி பெயரளவுக்குத்தான் இருக்கும்.

அடுத்து புரோகிராம் எழுதுமிடத்தில் வரும் கோளாறுகள். எல்லாப் பொருளையும் ஒரே எடை அட்டவணையில் (எடை கூடினால் வாய்ப்பும் கூடும்) போடுவதுதான் நான் அடிக்கடி பார்ப்பது. மொத்த எடை 1000, அதில் 10 அரிய பொருள்களுக்குத் தலா 1, விகிதம் 1%. அடுத்த அப்டேட்டில் யாரோ 10 சாதாரணப் பொருள்களை எடை 20 வைத்துச் சேர்க்கிறார்கள். மொத்தம் 1200 ஆகிவிட்டது, அரிய பொருளின் விகிதம் 0.83%-க்கு இறங்கிவிட்டது. யாரும் வேண்டுமென்று குறைக்கவில்லை, ஆனால் விதிப் பக்கத்தில் இன்னும் 1% என்றே இருக்கிறது. முதலில் தரத்தைக் குலுக்கி, பிறகு அந்தத் தரத்துக்குள் பொருளைக் குலுக்கினால் இந்தச் சிக்கலே வராது.

ராண்டம் எண்ணைச் சுருக்குவதிலும் ஓட்டை உண்டு. 0 முதல் 255 வரை வரும் ஒரு பைட்டை 100-ஆல் வகுத்து மீதியை எடுத்தால், 0 முதல் 55 வரையுள்ள எண்களுக்கு 256-இல் 3 வாய்ப்பு, 56 முதல் 99 வரை 2 வாய்ப்புதான். அரிய பொருளை 0-இல் வைத்தால் 1.17%, 99-இல் வைத்தால் 0.78%. 32 பிட் எண் எடுத்தால் இந்தச் சாய்வு கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். 200-க்கு மேல் வரும் பைட்டைத் தள்ளிவிட்டு மறுபடி எடுத்தால் முழுசாகவே போய்விடும். (200-ஐயும் சேர்த்துத் தள்ளுங்கள், 0 முதல் 199 வரைதான் வேண்டும்.)

குலுக்கல் பிளேயரின் போனில் இல்லாமல் கம்பெனியின் சர்வரில்தான் நடக்க வேண்டும். பிட்டி எண்ணிக்கை கூடுவது, ஜெம் (குலுக்கலுக்குக் கட்டும் கேம் பணம்) கழிவது, பொருள் சேர்வது மூன்றும், நடந்தால் எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவுமே நடக்காது என்றபடி, ஒரே டிரான்சாக்‌ஷனில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நெட் அறுந்த பிளேயர் மறுபடி அழுத்தும்போது ஜெம் இரண்டு தடவை போகும், அல்லது ஜெம் போயிருக்கும், எண்ணிக்கை ஏறியிருக்காது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் பழைய விடையையே அனுப்புங்கள்.

சோதிக்கும்போது ஆயிரம் குலுக்கல் போட்டுப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்லிவிடாதீர்கள். 0.6%-க்கு ஆயிரத்தில் 6 வர வேண்டும். ஆனால் 2 வந்தாலும் 10 வந்தாலும் அது இயல்பான ஏற்ற இறக்கம்தான். உண்மை விகிதத்தை பத்து சதவீதப் பிழைக்குள் 95% உறுதியோடு பிடிக்க ஏறத்தாழ 63,600 குலுக்கல் தேவை. கம்ப்யூட்டருக்கு அது ஒரு நொடி வேலை. பத்து லட்சம் கற்பனைப் பிளேயர்களை ஓட விட்டு, சராசரியோடு 90-ஆவது, 99-ஆவது சதமானத்தையும் (நூறில் 90 பேருக்கும் 99 பேருக்கும் போதுமான குலுக்கல் எண்ணிக்கை) எடுங்கள். விலை போடும் கூட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டியது அந்த 99-ஆவது எண். பிளேயர்களுக்கும் இதில் ஒன்று உண்டு: 200 குலுக்கலை வைத்து 'கம்பெனி விகிதத்தைக் குறைத்துவிட்டது' என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

நிஜமாகவே குறைத்தவர்களும் உண்டு என்பது வேறு விஷயம். தென் கொரியாவின் நியாய வணிக ஆணையம் 2024 ஜனவரியில் மேப்பிள் ஸ்டோரி கேமின் 'கியூப்' பொருள்களுக்காக (ஆயுதம், கவசங்களின் கூடுதல் திறன்களைக் குலுக்கி மாற்றுபவை) நெக்சானுக்கு 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. விகிதத்தைச் சொல்லாமல் மாற்றியது, சில சேர்க்கைகள் வரவே வாய்ப்பில்லாமல் வைத்தது ஆகியவை குற்றச்சாட்டு. அதே ஆண்டு மார்ச் 22 முதல் அங்கே விகிதத்தை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். சீனா 2017 மே மாதமே இதைக் கொண்டுவந்துவிட்டது. ஆப்பிள் ஆப் ஸ்டோர் 2017 டிசம்பரில் தன் விதிகளில் சேர்த்தது.

விகிதம் தெரிந்தும் விலை தெரியாமல் போகும் இடம் ஒன்று இருக்கிறது: இடையில் நிற்கும் கேம் பணம். ஒரு குலுக்கலுக்கு 150 ஜெம், விற்பது 500, 1100, 2500 பொதிகளாக என்று வைத்துக்கொள்ளுங்கள். 500-இல் மூன்று குலுக்கல் போக 50 மிச்சம். 1100-இல் ஏழு போக 50 மிச்சம். 2500-இல் பதினாறு போக 100 மிச்சம். பத்துக் குலுக்கலுக்கு 1500 வேண்டும், அதற்கேற்ற பொதி கிடையாது. எப்போதும் கையில் கொஞ்சம் மிஞ்சும், அந்த மிச்சம் அடுத்த பொதியை வாங்கச் சொல்லும். இதற்கு மேல் ஜெம்மை கிரிஸ்டலாக மாற்றி, கிரிஸ்டலை டிக்கெட்டாக மாற்றி என்று இரண்டு அடுக்கு வைத்தால் யாராலும் மனக்கணக்குப் போட முடியாது. அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு ஆணையமான எஃப்டிசி 2025 ஜனவரியில் கென்ஷின் வெளியீட்டாளரோடு செய்த 2 கோடி டாலர் சமரசத்தில் இதையும் பிடித்தது: பல அடுக்கு கேம் பணத்தின் மாற்று விகிதத்தையும் லூட் பாக்ஸ் (காச்சா போன்ற குலுக்கல் பெட்டி) வாய்ப்புகளையும் வெளியிட வேண்டும், நிஜப் பணத்தில் நேரடியாக வாங்கும் வழி இருக்க வேண்டும், 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் விற்கக் கூடாது. நேர்மையாக நடத்த விரும்பும் டெவலப்பருக்கு வழி எளிது. குலுக்கல் பட்டனிலேயே நிஜப் பணத்தில் விலையையும், உச்சவரம்பு வரை மீதமுள்ள எண்ணிக்கையையும் போடுங்கள்.

பணம் கட்டாத பிளேயருக்கான கணக்கையும் இதோடு சேர்த்துப் போட வேண்டும். தினசரி வேலைகளில் நாளுக்கு 1.2 குலுக்கல் தருகிறீர்கள், பேனர் 21 நாள் என்றால் ஒரு பேனருக்கு 25 சேரும். உச்சவரம்பு 60, எண்ணிக்கை தொடரும் என்றால் மூன்றாவது பேனருக்குள் அவருக்கு ஒன்று உறுதி. அது போதும், அவர் இருப்பார். தொடராது என்றால் அவருக்கு உச்சவரம்பு என்ற ஒன்றே இல்லை, அவர் போய்விடுவார். அவர் போனால் காசு கட்டுகிறவரோடு சேர்ந்து ஆட ஆள் இருக்காது.

கோளாறு வந்துவிட்டால் செய்ய வேண்டியதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிளேயரின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் நேரம், பேனர், அட்டவணையின் பதிப்பு எண், அப்போதைய பிட்டி எண்ணிக்கை, விடை ஐந்தும் பதிவாக வேண்டும். அப்போதுதான் தவறான அட்டவணை ஓடிய நேரத்தில் யார் யார் எத்தனை குலுக்கினார்கள் என்று எடுக்க முடியும். அவர்களுக்குச் செலவழித்த ஜெம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிடைத்த பொருளையும் வைத்துக்கொள்ள விடுங்கள். எல்லாருக்கும் பொதுவாகப் பத்து டிக்கெட் என்று தூவினால், 200 குலுக்கல் இழந்தவருக்கும் அன்று கேமைத் திறக்காதவருக்கும் அதே பத்துதான் போய்ச் சேரும்.