கேட் புஷ்: டெமோவைத் தூக்கி எறியாத பாடகி

இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ 1985 ஆகஸ்ட்டில் வெளிவந்து இங்கிலாந்துப் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. 2022-இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் நான்காம் சீசனில் ஒலித்த பிறகு, 37 ஆண்டு கழித்து அதே பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. தொடர் வழியாக வந்தவர்களில் பலருக்கு அந்த ஒரு பாட்டோடு கேட் புஷ் முடிந்துவிடுகிறார். ஆனால் அந்தப் பாட்டின் ஒலி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளும் அதற்குள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

1958 ஜூலை 30 அன்று கென்ட் மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா மருத்துவர், அம்மா அயர்லாந்துக்காரர். வெல்லிங் ஊரில் ஒரு பழைய பண்ணை வீட்டில் வளர்ந்தார். பியானோ தானாகக் கற்றது. பள்ளிக்கூடக் காலத்திலேயே வீட்டு டேப் ரெக்கார்டரில் பாட்டுப் பாட்டாகப் பதிந்து வைத்திருந்தார். இசைக் கம்பெனிகள் அந்த டேப்பைத் திருப்பி அனுப்பின. ஒரு குடும்ப நண்பர் மூலம் அது பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் டேவிட் கில்மோர் கைக்குப் போனது. வீட்டு டேப்பைக் கேட்டு யாரும் முடிவெடுக்க மாட்டார்கள் என்று கில்மோருக்குத் தெரியும். அதனால் சொந்தச் செலவில் 1975 ஜூனில் லண்டன் ஏர் ஸ்டுடியோவில், ஆண்ட்ரூ பவலின் இசைக்கோர்ப்போடு, மூன்றே மூன்று பாட்டை முறையாகப் பதிவு செய்து கொடுத்தார். அப்போது கேட்டுக்கு 16 வயது. அதில் இரண்டு பாட்டுகள் மாற்றமில்லாமல் 1978-இல் முதல் ஆல்பத்தில் வந்தன. ‘தி மேன் வித் த சைல்ட் இன் ஹிஸ் ஐஸ்’ அவற்றில் ஒன்று. டெமோவாக, அதாவது மாதிரிப் பதிவாகச் செய்ததே கடைசிப் பதிவாக நின்ற முதல் சந்தர்ப்பம் இதுதான்.

இஎம்ஐ இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம் 1976-இல். கம்பெனி அவசரப்படவில்லை, அந்த இடைவெளியில் அவர் மைம் கலைஞர் லிண்ட்சே கெம்ப்பிடம் உடல்மொழி கற்றார், நடன வகுப்புக்குப் போனார், சிறு குழுவோடு பப்களில் பாடினார். முதல் சிங்கிளாக, அதாவது தனியாக வெளியிடும் பாட்டாக, கம்பெனி வேறு பாட்டைச் சொன்னது. ‘வுதரிங் ஹைட்ஸ்’தான் வேண்டும் என்று கேட் பிடிவாதமாக நின்றார். எமிலி ப்ரான்டே நாவலின் கேத்தி, ஆவியாக ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிடும் பாட்டு. அந்தக் கீச்சுக்குரல் ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான்: பாடுவது ஆவி. சரணம் ஏ மேஜர் சுருதியில் தொடங்கி, கோரஸ் டி ஃபிளாட் மேஜர் சுருதியில் வந்து விழுகிறது. கோரஸில் நான்கு எண்ணிக்கைத் தாளம் நடுநடுவே இரண்டாகவும் மூன்றாகவும் உடைகிறது. கை தட்டிக்கொண்டே கேட்டால் தட்டு தவறும். 1978 மார்ச்சில் நான்கு வாரம் முதலிடம். தானே எழுதிய பாட்டோடு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த முதல் பெண் இவர்.

அதே ஆண்டு நவம்பரிலேயே இரண்டாம் ஆல்பம் ‘லயன்ஹார்ட்’. வெற்றியின் சூட்டோடு அடுத்ததைப் போடு என்று கம்பெனி நெருக்கியது. பெரும்பாலும் பழைய பாட்டுகளையே தூசி தட்டி எடுக்க வேண்டியிருந்தது. நேரம் கையில் இல்லாவிட்டால் பாட்டு என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆல்பமே சாட்சி. நல்ல பாட்டுகள் இருந்தும் எல்லாம் அரைவேக்காடாகவே நிற்கின்றன.

1979 ஏப்ரல், மே மாதங்களில் ஒரே ஒரு சுற்றுப்பயணம். ஆடிக்கொண்டே பாட வேண்டும், கையில் மைக் இருந்தால் ஆட முடியாது. தலையில் மாட்டும் மைக் அப்போது கடையில் கிடைக்கவில்லை. அவருடைய ஒலிக்குழு துணி மாட்டும் கம்பி ஹேங்கரை வளைத்து, அதன் முனையில் சின்ன மைக்கைப் பொருத்திக் கொடுத்தது. தொடக்கத்திலேயே ஒரு துயரமும் நடந்தது. பூல் நகரில் நிகழ்ச்சி முடிந்து இருட்டில் மேடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒளியமைப்பாளர் பில் டஃபீல்ட் கீழே விழுந்து, பின்னர் இறந்துபோனார். லண்டனில் மே 12 நிகழ்ச்சியை அவர் நினைவாக நடத்தினார்கள். பாடகர் பீட்டர் கேப்ரியல் அதில் வந்து பாடினார்.

கேப்ரியலின் அடுத்த ஆல்பத்தில் கேட் குரல் கொடுத்தார். அந்த ஆல்பத்தில் டிரம்மர்களுக்கு கேப்ரியல் ஒரு கட்டளை போட்டிருந்தார்: சிம்பல், அதாவது உலோகத் தட்டு, கூடாது. டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்ஜம் உருவாக்கிய டிரம் ஒலிக்கு அது தோதாக அமைந்தது. அறையில் தூரத்தில் வைத்த மைக்கை, சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸரால் கடுமையாக நெரித்து, பிறகு ‘நாய்ஸ் கேட்’ (கதவு என்ற பொருளில் gate) என்ற கருவியால் எதிரொலியைச் சட்டென்று வெட்டிவிடுவது அந்த முறை. அடி பிரம்மாண்டமாக விழும், ஆனால் வால் இருக்காது. சிம்பல் இருந்தால் இது கெட்டுப்போகும்: நெரித்த மைக் அதன் நீண்ட இரைச்சலைத் தூக்கிக் கொடுக்கும், கருவி மூடாமல் திறந்தே நிற்கும், எல்லாம் குழைந்துவிடும். சிம்பல் போனதால் மேல்ஸ்தாயியில் காலி இடம் கிடைத்தது. கேட்டின் குரல் வாழ்வதே அந்த இடத்தில்தான். ‘ரன்னிங் அப் தட் ஹில்’லில் ஹை-ஹாட் என்ற ஜோடி சிம்பலின் சத்தத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது, எல்லாம் டாம், ஸ்னேர், கிக் என்ற டிரம்கள் மட்டும்.

ஃபேர்லைட் சிஎம்ஐ அறிமுகமானதும் கேப்ரியல் வழியாகத்தான். சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் செய்த கருவி. எந்தச் சத்தத்தையும் பதிந்து கீபோர்டில் ஸ்வரமாக வாசிக்கலாம். 8 அங்குல ஃப்ளாப்பி, பச்சைத் திரை, அதில் அலைவடிவம் வரைய ஒளிப்பேனா. ஒரே நேரத்தில் 8 ஸ்வரம், ஒவ்வொன்றுக்கும் 16 கிலோபைட் நினைவகம். சத்தத்தை நொடிக்கு 16,000 தடவை அளந்து பதிந்தால் ஒரு நொடிச் சத்தம்தான் அடங்கும். ஸ்வரம் நீள வேண்டுமானால் நடுவில் ஒரு துண்டைச் சுழல விட வேண்டும். சுழலும் முனைகள் பொருந்தாவிட்டால் ‘டிக் டிக்’ என்று கேட்கும். ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் சத்தம் பாதி நேரத்தில் ஓடி முடியும், கீழே வாசித்தால் இழுபட்டு இருளும். 8 பிட் என்பதால் ஒலியளவுக்கு 256 படிகள் மட்டுமே. சத்தம் தேயும்போது மணல் போல ஒரு கரகரப்பு வரும். இந்தக் குறைகளை மறைக்க முயன்றவர்கள் நிறைய. கேட் அவற்றையே நிறமாகப் பயன்படுத்தினார். 1980-இல் ‘நெவர் ஃபார் எவர்’ ஆல்பத்தில் ‘பபூஷ்கா’வின் கடைசியில் உடையும் கண்ணாடியும், ‘ஆர்மி ட்ரீமர்ஸ்’ பாட்டில் தாளமாகவே மாறிவிட்ட துப்பாக்கியின் ‘க்ளிக்’கும் இந்தப் பெட்டியில் செய்தவை.

1982-இல் வந்த ‘தி ட்ரீமிங்’ முழுக்க அவரே தயாரித்தது. பல ஸ்டுடியோக்கள் மாறி, மணிக்கணக்கில் வாடகை கட்டி, அடுக்கு மேல் அடுக்காகப் பதிந்த ஆல்பம். ஆல்பம் 3ஆம் இடம் வந்தாலும் அந்த ஆண்டு வந்த சிங்கிள்கள் ஓடவில்லை, கம்பெனி முகம் சுளித்தது. என் கணிப்பில் அவருடைய ஆகத் துணிச்சலான வேலை அதுதான். ஆனால் அவருக்கு வேறொரு சிக்கல் உறுத்தியது. வீட்டில் பதிந்த டெமோவில் ஒரு துடிப்பு இருக்கும். அதைப் பெரிய ஸ்டுடியோவில் முதலிலிருந்து மறுபடி செய்தால் சுத்தமாக வரும், துடிப்பு போய்விடும். பாடுபவர் அப்போது தன்னையே நகலெடுக்கிறார், அதனால்தான். போதாக்குறைக்குச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அவர் கண்ட தீர்வு எளிமையானது. பண்ணை வீட்டுக் கொட்டகையில் சொந்த ஸ்டுடியோ கட்டினார். எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் 8 தட டேப்பில் டெமோ செய்தார். அதை மறுபடி பாடவில்லை. 24 தட டேப்புக்கு மாற்றி, அதன் மேலேயே மற்ற வாத்தியங்களைச் சேர்த்துக்கொண்டு போனார். ‘ரன்னிங் அப் தட் ஹில்’ அப்படி வளர்ந்ததுதான். முதலில் பேஸ் கிடார் கலைஞர் டெல் பால்மர் லின்டிரம் என்ற தாள இயந்திரத்தில் போட்ட தாளம். அதன் மேல் கேட், ஃபேர்லைட்டில் பதிந்து வைத்த ஒரு செல்லோ சத்தத்தை வைத்து அந்த முக்கிய இழையை வாசித்தார். செல்லோ என்று சொன்னால்தான் தெரியும், அவ்வளவு உருமாறியிருக்கிறது. அடியில் சுருதி போல விடாமல் நிற்கும் ஒலி. அதன் மேல் ஏ ஃபிளாட், பி ஃபிளாட், சி மைனர் என்று ஏறும் மூன்று கார்டுகள். பிறகு ஸ்டூவர்ட் எலியட்டின் டிரம்ஸ், ஆலன் மர்ஃபியின் கிடார், அண்ணன் பேடியின் பலலைகா என்ற ரஷ்யத் தந்தி வாத்தியம்.

கம்பெனி ‘கிளவுட்பஸ்டிங்’கை முதல் சிங்கிளாக விடச் சொன்னது, கேட் ஒப்பவில்லை. தலைப்பில் மட்டும் விட்டுக்கொடுத்தார். அவர் வைத்த பெயர் ‘எ டீல் வித் காட்’. மதப்பற்று மிகுந்த நாடுகளின் வானொலி அதை ஒலிபரப்பாது என்று பயந்தார்கள். பழைய பெயர் இப்போதும் அடைப்புக்குறிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பம் 1985 செப்டம்பரில் வந்து மடோனாவின் ‘லைக் எ விர்ஜின்’ ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது. முதல் பக்கம் ஐந்து பாட்டு. இரண்டாம் பக்கம் ‘தி நைன்த் வேவ்’: இரவுக் கடலில் லைஃப் ஜாக்கெட்டோடு தனியாக மிதக்கும் ஒரு பெண்ணின் கதை, ஏழு பாட்டில். ‘ஜிக் ஆஃப் லைஃப்’ அயர்லாந்து இசைக்கலைஞர்களோடு செய்தது. ‘ஹலோ எர்த்’ நடுவே எல்லா வாத்தியமும் நின்று ஆண் குரல்கள் மட்டும் எழும் இடம், ‘சின்ட்ஸ்காரோ’ என்ற ஜார்ஜிய நாட்டுப்பாடல். அந்த இடங்களுக்காகவே இந்தப் பக்கத்தைத் துண்டு போடாமல் கேட்க வேண்டும். ஷஃபிளை அணைத்துவிட்டு, இருட்டில், ஹெட்ஃபோனில், ‘அண்ட் ட்ரீம் ஆஃப் ஷீப்’ தொடங்கிச் சுமார் 26 நிமிடம்.

சொந்த ஸ்டுடியோ வந்தபின் ஆல்பங்களுக்கு இடையே இடைவெளி நீண்டது: 1989, 1993, பிறகு 2005-இல் ‘ஏரியல்’. மகன் வளரும் காலம் அது. 2011-இல் ‘ஃபிஷ் பீப்பிள்’ என்ற சொந்த லேபிளில் இரண்டு ஆல்பம். 2014-இல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் 22 இரவுகள் மேடையேறினார், அந்தச் சுற்றுப்பயணத்துக்கு 35 ஆண்டுக்குப் பிறகு. ‘தி நைன்த் வேவ்’ முழுதாக நாடகமாக நடந்தது அப்போதுதான். வருபவர்கள் கைபேசியில் படம்பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் ‘வுதரிங் ஹைட்ஸ்’ பாட்டை இரண்டு முறை கேளுங்கள்: 1978 பதிவு ஒரு முறை, 1986-இல் ‘தி ஹோல் ஸ்டோரி’ தொகுப்புக்காகக் குரலைப் புதிதாகப் பாடிச் சேர்த்த பதிவு ஒரு முறை. இரண்டாவதில் குரல் தடித்திருக்கிறது, கட்டுப்பாடு கூடியிருக்கிறது, டிரம்ஸும் கனக்கிறது. எனக்கு முதல் பதிவுதான்.