ஆடாமல் நிற்கட்டும்: ஒரகடம் நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ்ஸிலிருந்து தகட்டை எடுத்து அடுத்ததில் வைக்கும், ஆறு அச்சுகளில் (மூட்டுகளில்) திரும்பும் ரோபோ. அதன் சைக்கிள் டைமை, அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை, குறைக்கும் வேலை இன்று என்னிடம் வந்தது. "ஸ்பீடை ஏத்திவிட்டா முடிஞ்சுது சார்" என்றார் லைன் சூப்பர்வைசர். வேகம் ஏற்கெனவே 100 சதவீதம். பக்கத்தில் நின்று பார்த்தால் நேரம் எங்கே போகிறது என்று தெரிகிறது. கை போய்ச் சேர்ந்த பிறகும் உறிஞ்சிப் பிடிக்கும் வேக்கம் கப்பில் தொங்கும் தகடு ஆடுகிறது. அது அடங்க, புரோகிராமில் அரை நொடி வெயிட், அதாவது காத்திருப்பு.

மார்ச் 4, செவ்வாய்

வழியில் உள்ள புள்ளிகள் எல்லாமே 'ஃபைன்'. எங்கள் ஃபனுக் ரோபோவில் அப்படி எழுதினால் ஒவ்வொரு புள்ளியிலும் கை முழுதாக நின்றுதான் கிளம்பும். இடைப்புள்ளிகளை, நிற்காமல் தொடரும் 'சிஎன்டி'க்கு மாற்றினேன். அதோடு கொடுக்கும் எண் 100-ஐ நெருங்க நெருங்க மூலையை வளைத்துக்கொண்டு போகும். பிரஸ் தூண் பக்கம் மட்டும் சின்ன எண், இல்லையென்றால் இடிக்கும்.

நடுவழியில் நேர்கோட்டில் போகும் லீனியர் நகர்வும் தேவையில்லை. ஐந்தாம் அச்சு பூஜ்ஜியத்தை நெருங்கினால் நான்காவதும் ஆறாவதும் ஒரே கோட்டில் வந்துவிடும். அப்போது நேர்கோட்டைக் காப்பாற்ற அவை எதிரெதிராக வேகமாகச் சுழல வேண்டும், கை தயங்கும். நேர்கோட்டைப் பார்க்காமல் மூட்டுகள் திரும்பும் ஜாயின்ட் நகர்வாக்கியதும் தயக்கம் போனது.

மார்ச் 6, வியாழன்

இன்று ஆட்டத்தைக் கவனித்தேன். போனில் ஸ்லோ மோஷன் எடுத்து எண்ணினால் நொடிக்கு நான்கு ஆட்டம், அதாவது ஒன்றுக்குக் கால் நொடி. 1990-இல் சிங்கர், சீரிங் என்ற ஆய்வாளர்கள் ஒரு அருமையான வழி சொன்னார்கள்: கட்டளையை இரண்டாகப் பிரித்து, இரண்டாம் பாதியை அரை ஆட்டக்காலம் தள்ளிக் கொடுத்தால், முதல் பாதி கிளப்பும் ஆட்டத்தை அது அழித்துவிடும். எங்கள் கன்ட்ரோலரில் அந்த வசதி இல்லை. ஆனால் அதே கணக்குப்படி, சீராக வேகம் குறையும் நேரம் ஒரு முழு ஆட்டக்காலமாக இருந்தாலும் போதும், மிச்ச ஆட்டம் இருக்காது. 0.18 நொடியில் நின்றுகொண்டிருந்த கையை, முடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஏசிசி எண்ணைக் குறைத்து 0.25 நொடிக்குக் கொண்டுவந்தேன்.

"மெதுவா நிறுத்தினா நேரம் கூடாதா சார்?" என்று ஆபரேட்டர் தம்பி கேட்டார். 0.07 நொடி கூடியது, உண்மை. ஆனால் வெயிட் 0.5 நொடியிலிருந்து 0.1 ஆனது. மூட்டுகளில் உள்ள ரெட்யூசர்கள் (கியர்கள்) வாங்கும் அடியும் குறையும், எனக்கு அதுதான் பெரிய லாபம்.

மார்ச் 7, வெள்ளி

ரோபோ தூக்கும் சுமையைச் சொல்லும் பேலோட் அமைப்பில் எடை, ஈர்ப்பு மையம் இரண்டையும் சரிபார்த்தேன். சரியாகவே இருக்கின்றன. நாளை மெல்லிய தகடு ஓடும். அது இன்னும் மெதுவாக ஆடும், அதனால் ஏசிசி எண்ணைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.