மாமாவின் டிவிடி பெட்டியும் ஒரு நிமிடம் நாற்பது வினாடியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி வந்தபோது, திருநெல்வேலி சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அரிசி, மிக்சி, பீரோவின் கீழ்த்தட்டுத் துணிகள் எல்லாம் போயின. கட்டிலுக்கடியில் இருந்த இரண்டு டிரங்குப் பெட்டிகளும் முங்கிவிட்டன. அவை மாமாவுடையவை, அதாவது அம்மாவின் தம்பி. அம்பாசமுத்திரத்தில் பதினோரு வருஷம் டிவிடி வாடகைக் கடை நடத்தியவர். கடையை மூடியபோது, விற்க மனசில்லாமல் நல்ல டிஸ்க்குகளை மட்டும் பொறுக்கி எங்கள் வீட்டில் வைத்திருந்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு பெட்டியைத் திறந்தால் அட்டைகள் எல்லாம் கூழாகியிருந்தன. டிஸ்க்குகள் தப்பித்திருந்தன. நல்ல தண்ணீரில் அலசி, சேறு பிடித்ததை மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தரவு சுருள் வடிவில் பதிந்திருக்கிறது. அந்தச் சுருளோடு சேர்ந்து கீறல் விழுந்தால் பிளேயரால் சமாளிக்க முடியாது, குறுக்கே விழுந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும். மொத்தம் 214 டிஸ்க். 11 மட்டும் படிக்கவே இல்லை.

மாமாவிடம் போனில் சொன்னேன். "படம் போனா போவுது ஏட்டி, அது எங்கயும் கெடைக்கும். படத்துக்குப் பின்னால துண்டு துண்டா வருமே, அதப் பாத்து எடு. அது வேற எங்கயும் கெடைக்காது" என்றார்.

அதுதான் உண்மை. இன்றைக்கு ஓடிடியில் பழைய படங்கள் பல கிடைக்கின்றன. ஆனால் டிவிடியில் இருந்த மேக்கிங், வெட்டிய காட்சிகள், ஒளிப்பதிவாளர் உட்கார்ந்து பேசிய பேட்டி, இசை வெளியீட்டு விழாவின் பதிவு இவற்றை யாரும் சீந்துவதில்லை. அந்த டிஸ்க்கோடு அவையும் போய்விடும். அதனால் படங்களைவிட இந்தத் துண்டுகளை ஒழுங்காக வைப்பதுதான் என் வேலை என்று முடிவு செய்துகொண்டேன்.

பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, நம்மிடம் இருக்கிற வீடியோக்களை வரிசைப்படுத்தி வீட்டு டிவியில் காட்டும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளை நிறுவினேன். கட்டணம் கிடையாது. 2018 இறுதியில் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. வீட்டு வைஃபைக்குள் எந்த டிவியிலும் போனிலும் திறக்கலாம். டிஸ்க்கிலிருந்து வீடியோவை எடுக்க மேக்எம்கேவி என்ற மென்பொருள். அது டிஸ்க்கைப் படித்து, உள்ளே இருக்கிற ஒவ்வொரு வீடியோவையும் ஒரு டைட்டிலாகக் காட்டும். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடுவது படம், மற்றவை துணுக்குகள். தரம் குறையாமல் அப்படியே எம்கேவி ஃபைலாக எடுத்துத் தரும். இரட்டை அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி வரை இருக்கும் என்பதால் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன்.

முதல் வாரம் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினேன். அங்கேதான் தப்பு நடந்தது. மேக்எம்கேவி தருகிற பெயர் 'டைட்டில் டி00', 'டைட்டில் டி03' என்றுதான் இருக்கும். ஜெல்லிஃபின் ஒவ்வொன்றையும் தனிப் படம் என்று நினைத்து, பெயரை வைத்து இணையத் தரவுத்தளத்தில் தேடி, பொருத்தமே இல்லாத வெளிநாட்டுப் படங்களின் போஸ்டரை ஒட்டிவிட்டது. நான்கு நிமிட நீக்கப்பட்ட காட்சிக்கு ஏதோ ஒரு நாட்டுப் பேய்ப்படத்தின் போஸ்டர். அம்மா டிவியைப் போட்டவள் பயந்து நிறுத்திவிட்டாள்.

சரி, முறையாகச் செய்வோம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர் வேண்டும். பெயரும் அடைப்புக்குள் ஆண்டும் வேண்டும். ஆண்டை விடவே கூடாது, தமிழில் ஒரே பெயரில் இரண்டு படங்கள் நிறைய. பில்லா 1980-லும் உண்டு, 2007-லும் உண்டு. ஆண்டு இல்லாவிட்டால் ரஜினிகாந்த் படத்துக்கு அஜித் போஸ்டர் வந்து உட்காரும். படத்தின் ஃபைலுக்கும் ஃபோல்டரின் பெயரையே அப்படியே வைத்தேன்.

அந்த ஃபோல்டருக்குள் துணுக்குகளுக்கு உள் ஃபோல்டர்கள். டிரெய்லர்ஸ், டெலிட்டட் சீன்ஸ், பிஹைண்ட் த சீன்ஸ், இன்டர்வியூஸ், ஃபீச்சரெட்ஸ், ஷார்ட்ஸ், அதர் என்று ஜெல்லிஃபினுக்குத் தெரிந்த பெயர்கள் சில இருக்கின்றன. அவற்றை ஆங்கில எழுத்தில் அப்படியே வைக்க வேண்டும். நான் ஆசையாக 'நீக்கிய காட்சிகள்' என்று தமிழில் வைத்துப் பார்த்தேன். ஜெல்லிஃபினுக்குப் புரியவில்லை, உள்ளே இருந்தவை மறுபடியும் தனிப் படங்களாக வந்து நின்றன. ஃபோல்டர் ஆங்கிலத்தில், ஃபைல் தமிழில் என்று அப்புறம் வழக்கப்படுத்திக்கொண்டேன். ஒன்றிரண்டு துணுக்குகள்தான் என்றால் உள் ஃபோல்டர் கூட வேண்டாம். ஃபைல் பெயரின் கடைசியில் இடைவெளி விடாமல் ஒரு சிறு கோடு போட்டு டிரெய்லர் என்றோ இன்டர்வியூ என்றோ ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும். ஜெல்லிஃபின் மாதிரியே இன்னொரு மென்பொருளான பிளெக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே முறைதான். எனக்கு உள் ஃபோல்டர் முறையே பிடித்தது, ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் எது எங்கே என்று தெரியும்.

துணுக்குகளுக்கு எந்தத் தரவுத்தளத்திலும் விவரம் இருக்காது. ஃபைலுக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோமோ அதுதான் திரையில் வரும். ஆகவே பெயர் வைப்பதில்தான் அதிக நேரம் செலவழித்தேன். அட்டைகள் கரைந்துவிட்டதால் எது என்ன என்று ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. 'பேட்டி 1', 'பேட்டி 2' என்று வைத்தால் யாரும் திறக்க மாட்டார்கள். 'கலை இயக்குநர், அக்ரகாரத் தெரு செட் போட்ட கதை' என்று வைத்தால் திறக்கத் தோன்றும். வரிசை மாறாமல் இருக்க முன்னால் 01, 02 என்று எண் போட்டேன்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'கி' என்ற ஓர் எழுத்தே க, இகரக் குறி என்று இரண்டு குறியீடு, ஆறு பைட். ஆக 85 குறியீடுதான் கொள்ளும், எழுத்தாகப் பார்த்தால் ஐம்பது சொச்சம். ஒரு விழாப் பதிவுக்கு வந்திருந்தவர்கள் பெயரையெல்லாம் சேர்த்து எழுதியபோது பெயர் நீளம் என்று பிழை வந்தது. காரணம் புரிய ஒரு சாயங்காலம் ஆனது.

எதை எங்கே போடுவது என்பதிலும் யோசனை உண்டு. இசை வெளியீட்டு விழாவுக்கு என்று ஃபோல்டர் எதுவும் இல்லை. நம் ஊர்ப் படங்களுக்கு அது முக்கியமானது என்றாலும் அதர் ஃபோல்டரில்தான் வைத்தேன். பாடல்கள் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே அத்தியாயங்களாக இருப்பதால் தனியாக எடுக்கவில்லை. சில டிஸ்க்குகளில் எல்லாத் துணுக்கும் சேர்ந்து ஓடும் ஒரு நீண்ட டைட்டிலும், அதே துணுக்குகள் தனித்தனியாகவும் இருக்கும். நிமிடங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு நீண்டதை அழித்தேன். பெரும்பாலான டிஸ்க்குகளில் துணுக்கு என்று எதுவுமே இல்லை, வேறு படங்களின் விளம்பரம் மட்டும்தான். துணுக்கு இருந்தது 60 டிஸ்க்கில்.

பொங்கல் கழிந்து மாமா வந்தார். டிவியில் ஒரு படத்தைத் திறந்து, கீழே இறங்கி, வரிசையாக இருந்த துணுக்குகளைக் காட்டினேன். ரிமோட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எடுத்த ஒரு படத்துக்கு வந்ததும் மேலும் கீழுமாகத் தேடினார்.

"இதுல தாத்தா வண்டி வருமே, அது எங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாத்தா அப்போது மாட்டுவண்டி வைத்திருந்தார். படப்பிடிப்புக்கு நான்கு நாள் வண்டியை வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள், தாத்தாவே ஓட்டியிருக்கிறார். படத்தில் அந்தக் காட்சி வரவில்லை. டிஸ்க்கில் மட்டும் சின்னதாக வரும் என்றார் மாமா. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவாராம். தாத்தா போய் நான்கு வருஷம் ஆகிறது. அவர் நடமாடுகிற வீடியோ எங்களிடம் வேறு ஒன்றுகூட இல்லை.

டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன் என்றுதான் நம்பியிருந்தேன். ராத்திரி மேக்எம்கேவியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது. குறைந்தபட்ச நீளம் 120 வினாடி என்று அதிலேயே வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைவான டைட்டில் எதையும் அது பட்டியலில் காட்டாது. மெனு அசைவு, எச்சரிக்கைப் பலகை போன்றவை வந்து குவியாமல் இருக்கத்தான் அப்படி. ஆனால் சின்னச் சின்னத் துணுக்குகளும் அதோடு போய்விடுகின்றன. பத்து வினாடி என்று மாற்றி அந்த டிஸ்க்கை மறுபடி போட்டேன். புதிதாக ஆறு டைட்டில்கள் வந்தன. அதில் ஒன்று, ஒரு நிமிடம் நாற்பது வினாடி.

அதை மாமாவிடம் உடனே காட்டவில்லை. மேக்கிங்கை வீடியோ கேமராவில் எடுத்திருந்தார்கள். ஒரு ஃபிரேமுக்குள் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் மறு கணம் என்று பதிவான படம் அது. பழைய குழாய் டிவியில் தெரியாது, இன்றைய டிவியில் மாடு கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகக் கிழிந்து தெரிந்தது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், இந்தக் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸ் வசதியைப் போட்டு, நொடிக்கு 25-க்குப் பதில் 50 ஃபிரேமாக எடுத்தேன். மாட்டு நடை அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. மூல ஃபைலையும் வேறு இடத்தில் பத்திரப்படுத்தினேன். இந்த மாற்றத்தில் ஏதாவது குறை இருந்தால் பிறகு திருத்த அது வேண்டும்.

அப்புறம் அந்த 60 டிஸ்க்கையும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். ஒன்பது நாள் ஆனது. 23 சின்னத் துணுக்குகள் கூடுதலாகக் கிடைத்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆற்றங்கரை மணல், தூரத்தில் பொதிகை மலை, தலைப்பாகையோடு தாத்தா நுகத்தடியைத் தூக்கி மாட்டின் கழுத்தில் வைக்கிறார். யாரோ ஏதோ கேட்க, கேமராவைப் பார்க்காமலே "அது பழகுன மாடு, ஒண்ணும் செய்யாது" என்கிறார். அம்மா அந்த இடத்தை மட்டும் நாலைந்து தடவை போடச் சொன்னாள்.

துணுக்குக்கு '02 வண்டிக் காட்சி' என்று பெயர் வைத்திருந்தேன். மாமா திரையில் அதைப் படித்துவிட்டு, "அப்படி வைக்காத. மாட்டுக்குப் பேரு இருக்குல்லா" என்றார். அவர் சொல்லச் சொல்ல 'அப்பா வண்டி, மயிலையும் செவலையும்' என்று மாற்றி, லைப்ரரியை மறுபடி ஸ்கேன் பண்ணக் கொடுத்தேன்.