ஜன்னலோர மூலை: டப்ளின் நாட்குறிப்பு

10 அக்டோபர் 2024, வியாழன்

ஸ்மித்ஃபீல்டில் டிராமை விட்டு இறங்கும்போது தூறல். கல் பாவிய பெரிய சதுக்கத்தைக் கடந்தால் வடகோடியில் இருக்கிறது காபிள்ஸ்டோன். ஐரிஷ் மரபிசை வாசிக்கும் இந்த ஒரு பப்பைப் பார்க்கவே பயணத்தில் நான்கு நாள் ஒதுக்கியிருக்கிறேன்.

கதவைத் தள்ளியதும் நனைந்த கோட்டுகளின் வாடை, பேச்சுச் சத்தம், நிற்க இடமில்லாத கூட்டம். கண் தானாக மேடையைத் தேடியது. மேடையே இல்லை. ஜன்னலோர மூலையில் ஏழெட்டுப் பேர் ஒரு சின்ன மேசையைச் சுற்றி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். மைக் கிடையாது.

எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. சபாவில் முன்வரிசைக்கு ஏங்கி வளர்ந்தவன் நான். பாடகர் நம் பக்கம் திரும்பி ஒரு சங்கதி போட்டால் அந்த வாரம் முழுக்க அதே பேச்சாக இருப்பேன். இங்கே நான் வந்ததையே யாரும் கவனிக்கவில்லை.

கின்னஸ் கேட்டேன். முக்கால் கோப்பை ஊற்றி, நுரை அடங்கும்வரை வைத்திருந்து, அதன் பிறகே நிரப்பித் தருகிறார்கள். காத்திருந்த நேரத்தில் ஒரு மெட்டு மூன்று சுற்று போய்வந்துவிட்டது.

11 அக்டோபர், வெள்ளி

காலையில் விழித்ததும் விரல் தாளம் போட்டது. ரீல் என்ற நடன மெட்டு நம் சதுஸ்ர நடை போல நான்கு நான்காக ஓடுகிறது. ஜிக் என்ற இன்னொரு வகைக்கு மும்மூன்றாகத் துள்ளும் ஆறு எண்ணிக்கை, காதுக்கு அப்படியே திஸ்ரம். ஸ்லிப் ஜிக்குக்கு ஒன்பது. பெரும்பாலான மெட்டுகள் இரண்டு பகுதிதான். ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்து, முழு மெட்டையும் இரண்டு மூன்று சுற்று வருகிறார்கள். பிறகு மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவல். அந்தத் தாவலை யார் தீர்மானிக்கிறார் என்று இன்று இரவு கண்கொட்டாமல் பார்த்தேன். ஒரு பிடில்காரப் பெண்மணி புருவத்தை லேசாக உயர்த்தினார், அவ்வளவுதான். எட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். (எங்கள் வீட்டுப் பெரியவர்களும் வயலினைப் பிடில் என்றே சொல்வார்கள். இந்த ஊரிலும் அதே பேச்சு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.)

நான் வந்ததே 'இல்லன் பைப்' என்ற பைக்குழல் வாத்தியத்துக்காக. இல்லன் என்பது ஐரிஷ் மொழியில் முழங்கையைக் குறிக்கும் சொல். வாயால் ஊதுவதில்லை, ஒரு கையிடுக்கில் துருத்தி, மறு கையிடுக்கில் காற்றுப்பை. 2017இல் யுனெஸ்கோ இதன் வாசிப்பைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வாசிக்க வந்த இளைஞர் சுருதிக் குழல்களைச் சேர்க்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். சுற்றி நின்றவர்களில் யாரும் அவசரப்படவில்லை. தம்புரா சேரக் காத்திருந்த மாலைகள் நினைவுக்கு வந்தன. அந்நியமாக உணர்ந்ததெல்லாம் அந்த நிமிடத்தில் கரைந்தது.

பிறகு ஒரு முதியவர் வாத்தியம் எதுவுமின்றிப் பாடினார். ஐரிஷ் மொழிப் பாட்டு, ஒரு சொல் புரியவில்லை. அத்தனை இரைச்சலும் அடங்கியது. கவுண்டரில் இருந்தவர் கோப்பை துடைப்பதை நிறுத்திவிட்டார்.

இடைவேளையில் பிடில்காரரிடம் ஒரு மெட்டின் பெயரைக் கேட்டேன். "தெரியாது. மாமாவிடம் கற்றேன், அதனால் மாமா பெயரிலேயே சொல்கிறோம்" என்றார்.

12 அக்டோபர், சனி

மெரியன் ரோ தெருவில் உள்ள ஓ'டோனஹூஸ் பப். 1962இல் 'டப்ளினர்ஸ்' நாட்டுப்புற இசைக்குழு உருவான இடம். அந்தக் குழுவின் பாடகர் லூக் கெல்லி பாடிய அறையில் நிற்கிறோம் என்ற நினைப்பே போதும். கூட்டம் தாங்கவில்லை, சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

13 அக்டோபர், ஞாயிறு

மாலையில் மறுபடி காபிள்ஸ்டோன். பின்னறையை இன்றுதான் பார்த்தேன். கச்சேரிகளும் வகுப்புகளும் நடக்கும் இடம். 2021இல் இங்கே ஹோட்டல் கட்ட ஒரு திட்டம் வந்தது. முன்பக்க மதுக்கூடம் நிற்கும், பின்னறை போய்விடும். கற்றுக்கொள்ளும் அறையை இடித்துவிட்டு வாசிக்கும் மூலையை மட்டும் வைத்திருந்தால், அந்த மூலைக்கு யார் வந்து உட்காருவார்கள்? நினைத்தாலே கோபம் வருகிறது. அந்த அக்டோபரில் ஊர்க்காரர்கள் அதை எதிர்த்துச் சவப்பெட்டி சுமந்து, வாசித்துக்கொண்டே ஊர்வலம் போனார்கள். நவம்பரில் டப்ளின் மாநகராட்சி அனுமதி மறுத்தது. அந்த ஊர்வலத்தில் நடந்த அத்தனை பேருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆறு மணி இருக்கும். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அப்பாவுடன் வந்து மூலையருகே தயங்கி நின்றான். கையில் தகர விசில் என்ற சின்னக் குழல். பிடில்காரர் நாற்காலியை நகர்த்தினார். பௌரான் என்ற ஆட்டுத்தோல் பறையை வைத்திருந்தவர் முழங்காலை மடக்கிக்கொண்டார். வட்டத்தில் ஓர் இடம் திறந்தது. "நீ ஆரம்பி" என்றார்கள்.

அவன் ஒரு ஜிக் எடுத்தான். வழக்கமாக ஓடும் வேகத்தில் பாதிகூட இல்லை. முதல் சுற்றுக்கு அவன் மட்டும். இரண்டாம் சுற்றில் பிடில், பிறகு பைப், கடைசியில் ஆட்டுத்தோலின் மெல்லிய தட்டு. மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் அவன் வேகத்துக்கே வாசித்தார்கள், கடைசிச் சுற்றுவரை.