பீப்பாய்க் கள்ளிக்குச் சாடி மாற்றிய கதை

திருகோணமலையில் கள்ளி வளர்ப்பவர் முள்ளுக்குப் பயப்படத் தேவையில்லை. மாரிக்குத்தான் பயப்பட வேண்டும். ஐப்பசியில் தொடங்கித் தை வரை கடற்பக்கமிருந்து சரிந்து விழும் மழையில் முற்றத்துச் சாடிகளுக்கு ஈரம் காயவே வழியில்லை. என்னிடமுள்ள பீப்பாய்க் கள்ளியோ மெக்சிகோவின் கெரெத்தாரோ, இதால்கோ மாநிலங்களின் பாறைச் சரிவுகளில் முளைக்கும் இனம். அங்கே மழை பெய்வது நடுக்கோடையில். குளிர்காலம் வறண்டு கிடக்கும். இங்கே எல்லாம் தலைகீழ். கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் நிலம் வெடிக்கிறது, மார்கழியில் வளவு குளமாகிறது. ஆகவே இந்த ஆண்டு நான் செய்ததைச் சாடி மாற்றம் என்று சொன்னாலும், உண்மையில் அது அடுத்த மாரிக்கான ஆயத்தம்.

செடி பெரியப்பா வளர்த்தது. இப்போது குறுக்களவு 35 செ.மீ. இருக்கிறது. வளர்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கே பொறுமை வேண்டும். இந்த இனம் பூக்க ஏறத்தாழ 20 ஆண்டுகளும் நல்ல வெயிலும் தேவை. எங்களுடையது இன்னும் பூக்கவில்லை. ஹில்ட்மான் என்பவர் 1891இல் இதை விவரித்து, மாக்டெபூர்க் நகரில் பெரிய கள்ளித் தோட்டம் வைத்திருந்த தொழிலதிபர் ஹெர்மான் குரூசோனின் பெயரைச் சூட்டினார். இன்று உலகெங்கும் நாற்றுமேடைகளில் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது; சொந்த மண்ணில் மட்டும் அழியும் நிலையில் இருக்கிறது. 1990களில் சிமாப்பான் அணை கட்டப்பட்டபோது இது வளர்ந்த பள்ளத்தாக்கின் ஒரு பெரும் பகுதி நீருக்குள் போய்விட்டது. பாலைச் செடி வெள்ளத்தில் மூழ்கியது! மார்கழியில் எங்கள் முற்றத்தில் தண்ணீர் தேங்கும்போதெல்லாம் எனக்கு அந்த அணைதான் நினைவுக்கு வரும்.

தை மாதம்

மாற்றியே ஆக வேண்டும் என்று தோன்றியது இப்போதுதான். ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்றது. மண்ணில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. மண்சாடியின் பக்கவாட்டில் விரல் நுழையாத அளவில் ஒரு வெடிப்பு, அதன் வழியே ஒரு வேர். உச்சியில் புது முட்கள் வரவேண்டிய இடத்தில் மஞ்சள் நிறப் பஞ்சு மட்டும் இருந்தது. அடிப்பகுதி பழுப்பாகி மரப்பட்டையைப் போல் ஆகியிருந்தது. இதைப் பார்த்து அழுகல் என்று பதறுபவர்கள் உண்டு. விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, அமுங்குகிறதா என்று பார்த்தால் போதும். கெட்டியாக இருந்தால் அது வயது. அமுங்கினால்தான் நோய்.

மழை விட்டதும் தகரக் கூரையின் கீழ் நகர்த்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல் விட்டேன். காய்ந்த மண் சுருங்கிச் சாடிச் சுவரை விட்டு விலகும். வேரும் எளிதில் முறியாது. ஈரத்தோடு பிடுங்கினால் முறிந்த ஒவ்வொரு வேர்முனையும் அழுகலுக்கு வாசல் திறக்கும்.

மாசி மாதம்

தூக்குவதற்கு முதலில் சாக்கைத்தான் எண்ணினேன். சாக்கில் ஒரு தொல்லை: முள் சணல் இழைக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும், கழற்றும்போது முறியும். முறிந்த முள் திரும்ப முளைக்காது; அந்த வடு செடி உள்ளவரை இருக்கும். பக்கத்து வளவு மாமா கரைவலை இழுப்பவர். கழித்துப் போட்ட நைலோன் வலைத் துண்டு ஒன்றை நாலாக மடித்துக் கொண்டுவந்தார். "பாரைக் கூட்டத்தையே இழுத்த வலை தம்பி, உங்கள் கள்ளியையா விட்டுவிடும்?" என்றார். வலை அருமையாக வேலை செய்தது. முட்கள் வலைக் கண்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. நூல் மட்டும் மேடுகளின் மேல் படிந்து பாரத்தைத் தாங்கியது. கழற்றும்போது ஒரு முள்ளும் மாட்டவில்லை.

சாடியைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கில்லை. பழைய பஞ்சணையில் சாய்த்து, வெடிப்பின் ஓரமாகச் சுத்தியலால் தட்டினேன். ஓடு ஓடாகக் கழன்றது. நானும் மச்சானும் வலையின் இரு முனையையும் பிடித்துத் தூக்கி, பழைய டயர் ஒன்றின் மேல் வைத்தோம். உடல் டயரில் உட்கார, வேர்கள் நடுவே தொங்கின. கையுறை போட்டிருந்தும் மச்சானின் முழங்கையில் இரண்டு இடங்களில் இரத்தம். "இதற்குப் பதிலாக நீ ஒரு மாமரம் வைத்திருக்கலாமே" என்றான். மாமரத்தை யார் தூக்குவது என்று கேட்டேன்.

வேர் உண்டைதான் இந்த வேலையில் பார்க்க வேண்டிய இடம். வெளிச் சுற்றில் பெரியப்பா போட்ட செம்மண். அதற்குள், செடி வாங்கிய நாளில் இருந்த நாற்றுமேடைக் கலவை கறுத்து இறுகிக் கிடந்தது. கோடையில் அதற்குள் தண்ணீர் இறங்காது. மாரியில் ஊறிவிட்டால் எளிதில் காயாது. ஈர்க்கால் குத்திக் குத்தி, பொடிப்பொடியாக உதிர்த்தேன். முழு மாலையும் அதிலேயே போனது. இழுத்தால் மேல்தோல் உறைபோல் உருவி வரும் வேர்கள் செத்தவை, அவற்றை வெட்டினேன். வெட்டு வாயில் வெண்ணிறம் தெரிந்தவற்றை விட்டுவிட்டேன்.

வேர்களுக்கிடையே வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கள்ளி வளர்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி இது, ஏனென்றால் வேரில் வாழும் மாவுப்பூச்சியும் இப்படித்தான் இருக்கும். விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன். பூச்சியானால் மெழுகுபோல் இழுபட்டு நசுங்கும். இது நறநறவென்று உதிர்ந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். ஆண்டுக்கணக்கில் படிந்த உப்பும் சுண்ணாம்பும் அது. இனி இதற்கு மாரியில் வாளியில் பிடித்துவைக்கும் மழைத்தண்ணீர்தான் என்று அப்போதே முடிவுசெய்தேன்.

வெட்டு வாய்களுக்குச் சிலர் கந்தகத்தூள் தூவுவார்கள், சிலர் கறுவாத்தூள். நான் காற்றை நம்புகிறவன். வேப்பமர நிழலில், டயரின் மேலேயே, வெட்டுகள் காய்ந்து தோல் கட்டும் வரை விட்டேன். இவ்வளவு பெரிய உடம்பில் சேமித்த தண்ணீர் இருக்கும்போது, அந்தக் காத்திருப்பு செடிக்கு ஒரு பொருட்டே அல்ல. எனக்குத்தான் பொருட்டாக இருந்தது.

கலவை

மணலுக்குக் கடற்கரைக்குப் போகவேண்டாம். உப்பும் சிப்பித்தூளும் கலந்த மணல் அது. கழுவினாலும் சிப்பி போகாது. மகாவலி ஆற்று மணலை அரிதட்டில் அரித்து, கீழே விழுந்த நுண்மணலை ஒதுக்கிவிட்டு, மேலே தங்கிய பருமணலை மட்டும் எடுத்தேன். செங்கல்லையும் உடைந்த கூரை ஓட்டையும் பயறு, கடலை அளவுக்கு நொறுக்கி, தூளைக் கழுவி நீக்கினேன். பழைய சாடி ஓடுகளும் அதற்குள் போயின. இவற்றோடு சின்னச் சல்லி. மொத்தத்தில் நாலில் மூன்று பங்கு கல்லும் மணலும். மீதி ஒரு பங்கு மக்கிய இலையுரமும் உமிக்கரியும். கேட்டவர்கள் எல்லாரும் கஞ்சத்தனம் என்றார்கள். தூள்தான் எதிரி, கற்களுக்கிடையே உள்ள காற்றிடத்தை அடைப்பது அதுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாரும் செய்கிறார்கள்: சாடியின் அடியில் சல்லி அடுக்குப் போடுவது. தண்ணீர் நுண்துளையுள்ள மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள சல்லிக்குள் எளிதில் இறங்காது. எல்லையில் மேலேயே தேங்கி நிற்கும். அடுக்கு எவ்வளவு உயரமோ, அந்த ஈரமண்டலமும் அவ்வளவு உயரத்துக்கு வேருக்கு அருகே வரும். துளையில் ஒரு வலைத்துண்டு, பிறகு அடிமுதல் உச்சிவரை ஒரே கலவை. அவ்வளவுதான்.

புதுச் சாடி அகலமான மண்சாடி, ஆழம் குறைவு. செடியைச் சுற்றி ஐந்து செ.மீ. இடம். இந்த இனத்தின் வேர் ஆழப் போவதைவிடப் பக்கவாட்டில் பரவுவதுதான் அதிகம். அளவுக்கு மீறிய சாடியானால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். பழைய மண்கோடு எங்கே இருந்ததோ அதே மட்டத்தில் வைத்தேன், ஒரு விரல்கூடக் கீழே போகாமல். கலவையைச் சிறங்கை சிறங்கையாக இட்டு, குச்சியால் ஆட்டி இடைவெளிகளை நிரப்பினேன். அழுத்தவில்லை. சாயாமலிருக்க மூன்று பக்கமும் கல் முட்டுக் கொடுத்தேன்.

தண்ணீர் ஒரு வாரம் கழித்துத்தான்.

பங்குனி, சித்திரை

தூக்குமுன்பே கடலைப் பார்த்த பக்கத்து முள்ளில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். வெயில் பழகாத பக்கம் திடீரென்று திரும்பினால் தோல் வெளிறி வடுவாகும். எங்கள் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது; அதன்பின் ஆவணி வரை நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். செடியின் எந்தப் பக்கத்துக்கும் நிரந்தரப் பாதுகாப்பு இல்லை. ஆகவே நூலின்படி வைத்ததோடு, மேலே பச்சை நிழல்வலையும் கட்டி, மெதுவாக விலக்கினேன்.

பங்குனி முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. சித்திரையில் ஒரு காலை கல் முட்டுகளை எடுத்துவிட்டு விளிம்பை மெல்லத் தள்ளினேன். அசையவில்லை, வேர் பிடித்துவிட்டது. உச்சிப் பஞ்சைப் பிளந்துகொண்டு புது முட்கள் வந்திருந்தன, பழையவற்றைவிட நல்ல மஞ்சள், அடியில் இளஞ்சிவப்பு.

ஆவணி

கச்சானில் இந்தக் கலவை விரைவாகக் காய்ந்துவிடுகிறது. மாலையில்தான் தண்ணீர் விடுகிறேன்; கள்ளி இரவில்தான் இலைத்துளைக்கு ஒப்பான தன் தோல்துளைகளைத் திறந்து மூச்சுவிடும். மெக்சிகோவின் கோடைமழையை இந்த மாதங்களில் நான்தான் வாளியால் பெய்விக்க வேண்டியிருக்கிறது.

புரட்டாதியில் தண்ணீரைக் குறைத்து நிறுத்திவிடுவேன். வாடைமழை கிழக்கிலிருந்து சாய்ந்து வருவதால் கூரை மட்டும் போதாது. வீட்டின் மேற்குச் சுவரோரம், ஒளி புகும் தகட்டின் கீழ் இடம் ஒழுங்குசெய்திருக்கிறேன். இரண்டு செங்கல்லின் மேல் சாடி நிற்கும், அடியில் காற்றோடும். மண்ணும் சாடியும் சேர்த்து 50 கிலோவுக்குக் குறையாது. மச்சானிடம் இப்போதே சொல்லிவிட்டேன். நீளக் கைச்சட்டை வாங்கித் தந்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.