கண்குழியின் ஆழத்தில் நேவிகேஷன்

முகச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சையில், கையிலுள்ள கோலின் முனை எங்கே நிற்கிறது என்பதை நோயாளியின் ஸ்கேன் படத்தில் காட்டும் நேவிகேஷன் கருவியின் அருமையை நான் உணர்ந்தது கண்குழியின் பின்பகுதியில்தான். கன்ன எலும்பு விலகியிருந்தால், அதைத் தூக்கி நிறுத்தியபின் விளிம்புகள் பொருந்திவிட்டனவா என்பதைப் பெரும்பாலும் நேரில் பார்த்தே அறியலாம். கண்குழியின் தரை உடைந்திருக்கும்போது அது நடவாது. கீழிமை வழியாகச் செய்த சிறு கீறலுக்குள், பிதுங்கி வரும் கொழுப்பை ஒதுக்கிப் பிடித்தபடி, உடையாமல் மிஞ்சிய பின்விளிம்பைத் தேடி உடைந்த தரைக்கு ஈடாக வைக்கும் டைட்டானியம் வலையை அதன்மேல் அமர்த்த வேண்டும். அதற்குச் சற்று அப்பால் பார்வை நரம்பு இருக்கிறது. முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 40 மி.மீ. ஆழத்தில் அந்த நரம்பின் எலும்புத் துளை வரும் என்று படித்திருந்தாலும், முன்விளிம்பே நொறுங்கியிருந்தால் எங்கிருந்து அளப்பது?

இங்குதான் நேவிகேஷன் கருவியின் திரை உதவுகிறது. 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய அடுக்குகளாக எடுத்த சி.டி. ஸ்கேனில், காயப்படாத பக்கத்தின் வடிவத்தைக் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டி உடைந்த பக்கத்தின்மேல் முன்கூட்டியே பொருத்தி வைத்துக்கொள்கிறோம். தலையில் பொருத்திய சட்டத்தையும் கையிலுள்ள கோலையும் அகச்சிவப்புக் கேமரா தொடர்ந்து கவனிக்க, கோலின் முனை எங்கே நிற்கிறது என்பது அந்தப் படத்தில் தெரிகிறது.

ஆனால், நோயாளியின் தலையும் ஸ்கேன் படமும் ஒன்றோடொன்று சரியாகப் பதிந்திருந்தால் மட்டுமே அந்தப் படத்துக்கு மதிப்பு உண்டு. இப்படிப் பதிப்பதில் நேரும் பிழை, அதாவது பதிவுப் பிழை, மிகக் குறைவு என்று கருவி ஓர் எண்ணைக் காட்டினாலும், கண்குழியின் ஆழத்திலும் பிழை அதே அளவுதான் என்று அதற்குப் பொருளில்லை. ஸ்கேனுக்குப் பிறகு முகத்தின் வீக்கம் கூடியோ குறைந்தோ இருந்தால், தோலை வைத்துச் செய்த பதிவு விலகும். மேல்தாடையும் உடைந்து ஆடினால், பதிவுக்காகப் பற்களில் மாட்டிய குறிப்பான்களும் அதனோடு சேர்ந்தே ஆடும். கேமராவின் பார்வையை யாராவது மறைத்தால் கருவியே சொல்லிவிடும். உதவியாளரின் முழங்கை பட்டு, தலையிலுள்ள சட்டம் நகர்ந்தால் அது சொல்லாது, தவறான இடத்தையே தயங்காமல் காட்டும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

அதனால் ஆழத்துக்குப் போகுமுன் ஒவ்வொரு முறையும் உடையாத எலும்பில் நிச்சயமாகத் தெரிந்த புள்ளிகளை, குறிப்பாக மூக்கின் வேரையும் எதிர்ப்பக்கப் புருவ எலும்பின் வெளிமுனையையும், கோலால் தொட்டுத் திரையோடு ஒப்பிடுகிறேன். 2 மி.மீ.க்கு மேல் விலகினால், நேரமானாலும் பதிவை மறுபடி செய்யச் சொல்கிறேன். வலையை வைத்தபின் அதன் மேற்பரப்பு நெடுகிலும் கோலை நகர்த்தி, முன்பு திட்டமிட்ட கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். பின்முனை பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால் திருகைப் போடாமல் வலையை எடுத்து வளைவைச் சரிசெய்து மீண்டும் வைக்கிறேன்.