வேலைக்குப் போகும் வழியில் டிரையத்லான்: என் நாட்குறிப்பு

3 மார்ச் 2025, திங்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் 27, ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் குறுகிய தூரம்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். எட்டு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. நீச்சல் கடலில் இல்லை, நீச்சல் குளத்திலேயே என்பது பெரிய ஆறுதல்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வீட்டிலிருந்து ஆபீஸ் 11 கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு வழிக்கு 55 நிமிஷம். வாரத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் போகிறது. நேரமே இல்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்த நேரத்தை பஸ்ஸில் நின்றே கழித்திருக்கிறேன்.

போக வர மிதித்தால் 22 கிலோமீட்டர், போட்டித் தூரத்தைவிட அதிகம். ஓட்டத்துக்கு பஸ்ஸிலிருந்து நாலு கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிக்கொள்ளலாம். நீச்சலுக்கு மட்டும் அந்த வழியில் இடமே கிடையாது. ஆகவே முதலில் குளத்துக்கு நாள் குறிக்க வேண்டும். மற்ற இரண்டையும் ரோட்டில் நிரப்பிக்கொள்ளலாம்.

6 மார்ச், வியாழன்

முதல் சைக்கிள் நாள். முதுகுப் பையில் லேப்டாப், சட்டை, பேன்ட், துண்டு, ஷூ. பத்து நிமிஷத்திலேயே தோள் இழுக்கத் தொடங்கியது. போய்ச் சேர்ந்தபோது முதுகெல்லாம் தெப்பமாக நனைந்து, உள்ளே மடித்து வைத்திருந்த சட்டையிலும் ஈரம் இறங்கியிருந்தது.

அதைவிடப் பெரிய தப்பு வேகம். ஒவ்வொரு சிக்னலிலும் பச்சை விழுந்ததும் எழுந்து நின்று மிதித்து 34 நிமிஷத்தில் போய்விட்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்கிரீனில் இருந்த எதுவும் மூளைக்குள் ஏறவில்லை. திரும்பி வரும்போது முட்டியின் முன்பக்கம் வலி.

சீட் தாழ்வாக இருந்திருக்கிறது. சைக்கிளைச் சுவரில் சாய்த்து ஏறி உட்கார்ந்து, பெடலைக் கீழே இறக்கி அதில் குதிகாலை வைத்துப் பார்த்தேன். அந்த நிலையில் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் ஒரு சின்ன மடிப்பு மட்டும் மிஞ்சும். எனக்குக் குதிகால் வைத்தபோதே முட்டி நன்றாக மடங்கியிருந்தது. இரண்டு விரற்கடை உயர்த்தினேன்.

10 மார்ச், திங்கள்

இனி திங்கட்கிழமை என்றால் பஸ். வாரத்துக்கு வேண்டிய சட்டை, பேன்ட், துண்டு, சோப்பு எல்லாம் ஒரே பையில் ஆபீஸ் டிராயருக்குப் போய்விடும். ஆபீஸ் செருப்பும் அங்கேயே. சைக்கிளில் வரும் நாளில் பின் கேரியரில் ஒரு சின்னப் பை போதும்.

செவ்வாய் போக வர சைக்கிள். புதன் சாயங்காலம் குளம். வியாழன் காலை சைக்கிளில் போய் அதை ஆபீஸிலேயே விட்டுவிட்டு, திரும்பும்போது கடைசி நாலு கிலோமீட்டர் ஓட்டம். வெள்ளி காலை பஸ், மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு. சனி மறுபடி குளம். ஞாயிறு எதுவும் கிடையாது. துணி பற்றிய யோசனை ஒழிந்ததும் காலையில் கிளம்புவது எவ்வளவு லேசாகிவிட்டது!

12 மார்ச், புதன்

25 மீட்டர் குளம். 30 நீளம் போனால் 750. இன்று விடாமல் இரண்டு நீளம்தான் முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

பக்கத்து லேனில் ஒரு பெரியவர் அலட்டிக்கொள்ளாமல் போய் வந்துகொண்டிருந்தார். என்னைக் கவனித்திருக்க வேண்டும், வந்து நின்றார்.

“தம்பி, மூச்சை எப்ப விடுறீங்க?”

“தலையத் தூக்கும்போது விட்டுட்டு உடனே இழுக்கிறேன் சார்.”

“அதான் சங்கதி. அந்தக் கொஞ்ச நேரத்துல ரெண்டு வேலையும் ஆகாது. மொகம் தண்ணிக்குள்ள இருக்கும்போதே விட்டுருங்க. வெளிய வந்தா இழுக்கிறது மட்டும்தான். தலையத் தூக்காதீங்க, திருப்புங்க. தூக்கினா காலு கீழ போயிரும்.”

சுவரைப் பிடித்தபடியே முகத்தை முக்கி மூக்கால் மெதுவாகக் குமிழி விட்டுப் பார்த்தேன். ஒரு காது தண்ணீரில் இருக்க, வாயின் ஓரம் மட்டும் மேலே வரும்படி திருப்பிப் பார்த்தேன். அதன்பிறகு நாலு நீளம் விடாமல் போனேன். கைகளில் புதிதாகப் பலம் எதுவும் வந்துவிடவில்லை. நுரையீரலில் பழைய காற்றை அடைத்து வைத்திருந்ததுதான் இத்தனை நாள் மூச்சு முட்டியதற்குக் காரணம்.

18 மார்ச், செவ்வாய்

காலையில் பஞ்சர். பம்பும் மாற்று டியூபும் கையில் இருந்ததால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டுக் கிளம்பினேன். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி டயர் இறங்கிவிட்டது. மீதித் தூரம் தள்ளிக்கொண்டே போய், மீட்டிங்குக்கு 40 நிமிஷம் தாமதம். மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார், சங்கடமாக இருந்தது.

மதிய இடைவேளையில் டயரை முழுக்கக் கழற்றி, உள்பக்கம் துணியை வைத்து மெதுவாகச் சுற்றித் தடவினேன். ஓரிடத்தில் துணி மாட்டியது. மயிரிழைக் கனத்தில் ஒரு கம்பித் துண்டு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நகத்தால் நெம்பி எடுத்தேன். டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் குத்தியது எது என்று தேடாமல் விட்டால் புது டியூபும் அதே இடத்தில் போகும். இனிமேல் பையில் இரண்டு டியூப். ராத்திரியே டயரில் காற்றும் பார்த்து வைக்கப் போகிறேன்.

26 மார்ச், புதன்

வேலை இழுத்துக்கொண்டு போய்க் குளம் மூடிவிட்டது. நொந்துபோய் வீட்டுக்கு வந்தவன், இந்த விளையாட்டு எப்படித் தொடங்கியது என்று படித்தேன். 1974 செப்டம்பர் 25, அமெரிக்காவில் சான் டியாகோவின் மிஷன் பே. 46 பேர் கலந்துகொண்டார்கள். முதலில் ஓட்டம், பிறகு சைக்கிள், கடைசியில்தான் நீச்சல். அது ஒரு புதன்கிழமை சாயங்காலம்! இருட்டிய பிறகும் தண்ணீரில் இருந்தவர்களுக்காகக் கார் விளக்குகளைப் போட்டுவிட்டார்களாம். அன்று ஓடியவர்களில் ஒருவரான ஜான் காலின்ஸ்தான் 1978-ல் ஹவாயில் அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லானைத் தொடங்கியவர். வாரநாளின் சாயங்காலத்தில் பிறந்த விளையாட்டு என்று தெரிந்ததும் இது எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

தவறிய நீச்சலை நாளைக்குத் திணிக்க மாட்டேன். நாளைக்கு நாளைய வேலை இருக்கிறது.

1 ஏப்ரல், செவ்வாய்

இப்போதெல்லாம் காலையில் 42 நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன். முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்குத்தான் மிதி. சிக்னலும் நெரிசலும் உள்ள ரோட்டில் வேகப் பயிற்சி செய்வது ஆபத்து, பயனும் இல்லை. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தவேண்டி வரும். கனமான கியரைப் போட்டு அமுக்காமல், லேசான கியரில் நிமிஷத்துக்கு 80 சுற்றுக்கு மேல் கால் சுழலும்படி பார்த்துக்கொள்கிறேன். மாலையில் சிக்னல் ஏதுமில்லாத நேர் ரோடு ஒன்று இரண்டு கிலோமீட்டருக்கு வருகிறது. அங்கே மட்டும், வண்டிகள் குறைவாக இருந்தால், அழுத்தி மிதிப்பேன். மத்தியானத் தூக்கம் போய்விட்டது.

5 ஏப்ரல், சனி

முதல் ‘பிரிக்’: 20 கிலோமீட்டர் மிதித்துவிட்டு உடனே ஓட்டம். இறங்கி ஓடத் தொடங்கியதும் கால் என்னுடையதாகவே இல்லை. தொடை கனத்தது, அடி எங்கே விழுகிறது என்றே புரியவில்லை. நின்றுவிடலாம் என்று தோன்றிய நேரம் அது. அடியைச் சின்னதாக்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்க்காமல் போனேன். எட்டாவது நிமிஷ வாக்கில் கால் திரும்பி வந்தது. இனி வெள்ளி மாலை சைக்கிளை வீட்டில் விட்டதும், உள்ளே போகாமல் பத்து நிமிஷம் ஓடிவிட்டு வரப் போகிறேன்.

16 ஏப்ரல், புதன்

30 நீளம், விடாமல். நடுவில் எண்ணிக்கை குழம்பியதால் சந்தேகத்துக்கு இரண்டு நீளம் சேர்த்தே போனேன். பெரியவர் கரையிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கண் கலங்கிவிட்டது.

ஆபீஸ் குளியலறையில் உடை மாற்றுவதும் பழகிவிட்டது. ஈரக் காலில் சாக்ஸ் ஏறாது; அதைப் பாதிவரை சுருட்டி, விரல் நுனியில் மாட்டி இழுத்தால் ஏறும். ஹெல்மெட் பட்டையைப் பூட்டிய பிறகே சைக்கிளில் கை வைக்கிறேன். போட்டியில் அது கட்டாய விதி, மீறினால் தண்டனை.

25 ஏப்ரல், வெள்ளி

இந்த வாரம் பாதி அளவுதான். சைக்கிளை ஆபீஸிலிருந்து மெதுவாக ஓட்டி வந்தேன். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, மேலே நின்ற எண்ணெயையும் துணியால் எடுத்தேன். பிரேக் கட்டைகளைப் பார்த்தேன். ஒன்பது மணிக்குப் படுக்கிறேன். முக்கியமான தூக்கம் இன்றையதுதான். நாளை ராத்திரி படபடப்பில் வராமல் போனாலும் பரவாயில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

நீச்சல் 21 நிமிஷம், சைக்கிள் 45, ஓட்டம் 33. இடையில் மாறியதையும் சேர்த்து 1 மணி 45 நிமிஷம்.

முதல் நாலு நீளம் வேகமாகப் போய் மூச்சு இறுகியது. குமிழி விட்டேன், சரியாயிற்று. வெளியே வந்து சாக்ஸை விரல் நுனியில் மாட்டி இழுத்தேன், ஒரே இழுப்பில் ஏறியது. சிக்னல் இல்லாத 20 கிலோமீட்டரை இதற்கு முன் நான் ஓட்டியதே இல்லை. பாதையை எனக்காகவே அடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஓட்டத்தில் கால் எட்டாவது நிமிஷத்தில் திரும்பி வரும் என்று தெரிந்திருந்ததால், கனத்தபோது பயப்படவில்லை. ஆறாவது நிமிஷத்திலேயே வந்துவிட்டது.

நாளை திங்கள். பஸ். சட்டைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.